செட்டிநாட்டுப் பெரியவர்களுக்குக் குடல் புற்றுநோய் ஏன் முற்றிய பிறகே தெரியவருகிறது?

பின்னால் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் காரைக்குடிக்காரர், வேலை வெளியூரில். சொந்தத்திலும் தெருவிலும் எழுபதைத் தாண்டிய சிலருக்கு அடுத்தடுத்துப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் என்று தெரியவந்திருக்கிறது, எல்லாருக்குமே மூன்றாவது நான்காவது ஸ்டேஜ். அமெரிக்காவில் இந்த நோய் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படும் விகிதம் வட்டாரத்துக்கு வட்டாரம் எப்படி மாறுகிறது என்று ஒரு வரைபடம் பார்த்திருக்கிறார். நம்ம பக்கமும் அப்படி ஒரு சிவப்புப் புள்ளியா, தண்ணீரா, கறிச் சாப்பாடா, என்ன காரணம் என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: அப்பச்சிக்கு (நம்ம பக்கம் அப்பாவை அப்படிச் சொல்வோம்) 72 வயது, ஆறு மாதமாக ரத்தம் போகிறது, மூலம் என்று லேகியம் சாப்பிடுகிறார், டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

நான் தேவகோட்டைப் பக்கம். எந்த ஊரில் யாருக்கு எந்தப் புற்றுநோய் என்று பதிந்துவைக்கும் புற்றுநோய்ப் பதிவேட்டு வேலையில் பல வருடம் இருந்தவன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரையும் சாப்பாட்டையும் தேடிப் போவதற்கு முன்னால், முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை) நடந்த நாள் வரை எத்தனை மாதம் போனது என்று அந்த ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி பதில் அங்கேயே கிடைக்கும்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஓர் ஊரில் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்பது ஒன்று. வந்த நோய் எந்த நிலையில் பிடிபடுகிறது என்பது வேறு. சாப்பாடு, புகை, குடி, உடல் பருமன், சர்க்கரை, பரம்பரை எல்லாம் முதல் கேள்வியோடு சேர்ந்தவை. பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது; தினமும் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சி அதற்கு ஒரு படி கீழே, உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் இருக்கிறது. நம்ம வீட்டு உப்புக்கண்டமும் வரையறைப்படி பதப்படுத்திய இறைச்சிதான், ஆனால் அதை யாரும் தினம் 50 கிராம் சாப்பிடுவதில்லை. எப்படியிருந்தாலும் கறிக்குழம்பு நோயின் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டலாமே தவிர, அந்த நோய் முதல் ஸ்டேஜில் பிடிபடுமா நாலாவதிலா என்பதை அது முடிவு செய்யாது. உங்கள் கேள்வி முற்றிய நிலையைப் பற்றியது என்பதால் உணவை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

நீங்கள் பார்த்த அமெரிக்க வரைபடத்துக்கு வருகிறேன். அங்கே இந்த நோயால் சாவு அதிகம் நடக்கும் மூன்று வட்டாரங்களை 2015இல் அடையாளம் காட்டினார்கள்: மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதி, அப்பலாச்சியா மலைப்பகுதியின் ஒரு பாகம், அப்புறம் வர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களின் கிழக்குப் பகுதி. ஏழைகள் அதிகம், மருத்துவர்கள் குறைவு, பரிசோதனை செய்துகொண்டவர்களும் குறைவு. இதில் முதியவர்கள் விஷயம்தான் கவனிக்க வேண்டியது. அங்கே 65 வயதானால் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு கிட்டத்தட்ட எல்லாருக்கும் உண்டு, அது 2001லிருந்தே அறிகுறி எதுவும் இல்லாதவர்களின் கொலோனோஸ்கோபிக்கும் பணம் தருகிறது. அப்படியும் முதியவர்களிடம் வட்டார வித்தியாசம் மறையவில்லை. அதாவது காப்பீட்டு அட்டை கையில் இருப்பது மட்டும் போதவில்லை. எவ்வளவு தூரம், யார் கூட்டிப்போவது, உள்ளூர் டாக்டர் எடுத்துச் சொல்கிறாரா இல்லையா, இதெல்லாம் சேர்ந்துதான் வித்தியாசத்தை உண்டாக்குகின்றன.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று டெலாவேர் என்ற சின்ன மாநிலம். 2002இல் அவர்கள் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். காப்பீடு இல்லாதவர்களுக்குக் கொலோனோஸ்கோபி செலவை மாநிலம் ஏற்றுக்கொண்டது, கூடவே ஒவ்வொருவரையும் தொடர்ந்து போன் செய்து, தேதி வாங்கிக் கொடுத்து, போக வர வண்டி ஏற்பாடு செய்யும் நர்ஸ்களை வேலைக்கு வைத்தது. 2009க்குள் கறுப்பின மக்களில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 48 சதவீதத்திலிருந்து 74க்கு உயர்ந்து வெள்ளையர்களுக்குச் சமமானார்கள். அவர்களில் நோய் பரவிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களின் பங்கு 79 சதவீதத்திலிருந்து 40க்கு இறங்கியது. அந்த ஏழு வருடத்தில் யாருடைய சாப்பாடும் தண்ணீரும் அந்த அளவுக்கு மாறியிருக்க முடியாது. மாறுபட்ட உதாரணமும் உண்டு, அதையும் சொல்வதுதான் நியாயம்: அலாஸ்காவின் பூர்வகுடி மக்களிடம் இந்த நோய் வருவதே உலகத்தில் பதிவானதிலேயே மிக அதிகம், அங்கே தாமதத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

இந்தியா இதற்கு நேர் எதிர். இங்கே இந்த நோய் குறைவு, வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் ஐந்து பேருக்குத்தான் வருகிறது, பணக்கார நாடுகளில் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். ஆனாலும் ஜனத்தொகையால் புதிய நோயாளிகள் வருடத்துக்கு 60 ஆயிரத்துக்கு மேல் வந்துவிடுகிறார்கள். அவர்களில் ஐந்து வருடத்தைத் தாண்டுபவர்கள் நூற்றுக்கு 40 பேருக்கும் குறைவு என்றுதான் 2010-14 காலத்துக் கணக்கு சொல்கிறது. அமெரிக்காவில் நோய் குடலை விட்டு வெளியே போகும் முன் பிடிபட்டால் நூற்றில் 90 பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள், கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போய்விட்டால் 15 பேரை ஒட்டித்தான். நம்ம நாட்டில் அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றுக்கும்தான், குடலுக்குக் கிடையாது. நோய் இவ்வளவு குறைவாக இருக்கும் நாட்டில் எல்லாருக்கும் பரிசோதனை நடத்துவது செலவுக்குத் தகுந்த பலன் தராது என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். விளைவு என்னவென்றால், இங்கே அறிகுறி வரும் முன்னால் நோய் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. அறிகுறி வந்த பிறகு நடக்கும் தாமதம்தான் பெரும்பாலும் ஸ்டேஜை முடிவு செய்கிறது.

சரி, நம்ம பக்கம் உண்மையிலேயே அதிகமா? உங்கள் தெருவைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. காரணம், செட்டிநாட்டு ஊர்களில் வீட்டில் இருப்பவர்களே பெரும்பாலும் வயதானவர்கள். பிள்ளைகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர் என்று எந்தத் தெருவில் நடந்தாலும் இதைப் பார்க்கலாம். வயதானவர்களுக்கு வரும் நோய் எதுவாக இருந்தாலும் அப்படிப்பட்ட ஊரில் அதிகமாகத்தான் கண்ணில் படும், வயதைச் சரிக்கட்டிக் கணக்குப் போட்டால் அதில் பாதி கரைந்துவிடும். அடுத்தது எண்ணிக்கை. ஒரு தாலுகாவில் 65 வயதுக்கு மேல் 20 ஆயிரம் பேர் இருப்பதாகவும், அவர்களில் முற்றிய நோய் வருடத்துக்கு லட்சத்துக்கு 20 பேர் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு நாலு பேர் வருகிறது. எந்தக் காரணமும் இல்லாமலேயே அந்த நாலு ஒரு வருடம் ஒன்றாகவும் இன்னொரு வருடம் எட்டாகவும் இருக்கலாம், தற்செயல் என்பதே அப்படித்தான். எட்டு வந்த வருடம் ஊரெல்லாம் தண்ணீரைச் சந்தேகப்படும், ஒன்று வந்த வருடத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஐந்து வருடத்தைச் சேர்த்து, பக்கத்துத் தாலுகாக்களையும் வைத்துப் பார்க்காமல் வரைபடத்தில் சிவப்பு அடிக்கக் கூடாது.

செட்டிநாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பதிவேட்டில் நேரடியாகப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேடு 2012இல் ஆரம்பித்தது, அடையாறு புற்றுநோய் நிறுவனம் மாநில அரசோடு சேர்ந்து நடத்துவது. (அந்த நிறுவனத்தை 1954இல் தொடங்கியவர், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர்.) நோய் கண்டுபிடிக்கப்பட்ட நேரத்தில் ஒருவர் குறைந்தது ஒரு வருடமாக எங்கே குடியிருக்கிறாரோ அந்த ஊர்க் கணக்கில்தான் அவரைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. நடப்பது என்ன? தேவகோட்டை ஆச்சிக்கு உடம்பு முடியாமல் போனதும் மகன் சென்னைக்குக் கூட்டிப்போகிறார், அங்கே ஆஸ்பத்திரி கார்டு போடும்போது வரவேற்பில் இருப்பவர் கேட்கும் முகவரிக்கு வேளச்சேரி வீட்டைக் கொடுக்கிறார்கள். ரிப்போர்ட் வர, போன் செய்ய அதுதான் வசதி. கேஸ் ஷீட்டில் சொந்த ஊர் எங்கேயும் இருக்காது. அந்த நோயாளி சென்னைக் கணக்கில் ஏறிவிடுகிறார். வசதி உள்ளவர்கள் இப்படிப் போய்விட, மதுரையிலும் சிவகங்கையிலும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்தான் சிவகங்கை மாவட்டக் கணக்கில் மிஞ்சுகிறார்கள். அதோடு செட்டிநாடு ஒரே மாவட்டமும் இல்லை, பெரும்பகுதி சிவகங்கை, மிச்சம் புதுக்கோட்டை. ஆகவே செட்டிநாட்டுக்கு என்று ஒரு விகிதம் யாராவது சொன்னால் அதை எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

ஸ்டேஜ் என்ற சொல்லிலேயும் குழப்பம் உண்டு. சில ஆய்வுகளில் பக்கத்து நிணநீர்க் கட்டிகளுக்குப் போயிருந்தாலே முற்றிய நிலை, சிலவற்றில் வேறு உறுப்புக்குப் போனால்தான். நல்ல சிடி ஸ்கேன் எடுக்கும் ஊரில் கல்லீரலில் உள்ள சின்னப் புள்ளியும் தெரிந்து நாலாவது ஸ்டேஜ் ஆகிவிடும், ஸ்கேன் இல்லாத ஊரில் அதே ஆள் இரண்டாவது ஸ்டேஜ் என்று எழுதப்படுவார். எண்பது வயதுக்காரருக்குப் பல சமயம் ஸ்டேஜே எழுதப்படாது.

இனி தாமதம் எங்கே நடக்கிறது என்று பார்ப்போம். நான் நீளமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான்.

முதல் தாமதம் ரத்தம் கண்ணில் படாதது. பழைய செட்டிநாட்டு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டுகளாக, அதாவது முற்றமும் அறைகளும் சேர்ந்த பகுதிகளாக, நீளும்; கழிப்பறை கடைசிக் கட்டுக்குப் பின்பக்கம் இருக்கும். வெளிச்சம் குறைவு. கண்புரை உள்ள எழுபத்தைந்து வயது ஆச்சி, தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுவார். மலத்தில் கருஞ்சிவப்பாக என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அப்படியே தெரிந்தாலும் போனில் மகனிடம் சொல்லும் விஷயமா அது? மருமகளிடம் சொல்ல மாட்டார், சமைக்க வரும் பெண்ணிடம் ஒருவேளை சொல்லுவார், அவர் மூலத்துக்கு நல்லது என்று கருணைக்கிழங்கு மசியலும் துத்திக்கீரையும் செய்து கொடுப்பார்.

அடுத்தது மூலம் என்ற முடிவு. மதுரை ரோட்டிலும் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டிலும் மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம் என்ற போஸ்டர் ஒட்டாத சுவர் கிடையாது. ஐம்பதுக்கு மேல் ரத்தம் போனால் பெரும்பாலும் மூலம்தான் என்பதும் உண்மை, அதுதான் ஆபத்தே. மூலம் உள்ளவருக்கு மேலே கட்டியும் இருக்கலாம், இரண்டுக்கும் ரத்தம் ஒன்றுதான். கையுறை போட்டு ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒரு நிமிடம் ஆகும், செலவு கிடையாது, மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டி விரலுக்குத் தட்டுப்படும். நம்ம நாட்டில் இந்த நோயில் கணிசமான பங்கு மலக்குடலில் வருகிறது என்பதால் இந்த ஒரு நிமிடம் இங்கே இன்னும் முக்கியம். ஆனால் நோயாளிக்குக் கூச்சம், டாக்டருக்கு வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். நான் புரட்டிப் பார்த்த கேஸ் ஷீட்டுகளில், பல மாதம் மூலத்துக்கு வைத்தியம் பார்த்தவர்கள் நிறையப் பேருக்கு அந்தப் பரிசோதனை செய்ததாக ஒரு வரிகூட இருக்காது. இது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

மூன்றாவது, ரத்தசோகை. பெருங்குடலின் வலதுபக்கம் வரும் கட்டி ரத்தத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் கசியவிடும். வலி இருக்காது, மலச்சிக்கல் இருக்காது. ஐயாவுக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.5, வயசாச்சுல்ல என்று இரும்புச் சத்து டானிக். இரண்டு மாதத்தில் கொஞ்சம் ஏறும், எல்லாரும் நிம்மதி ஆகிவிடுவார்கள். ஆணுக்கு 13க்குக் கீழே இருந்தால் சோகைதான், வயது அதற்கு விளக்கம் ஆகாது. அறுபதைத் தாண்டியவருக்குக் காரணம் தெரியாமல் இரும்புச் சத்து குறைந்தால் வயிற்றுக்கு எண்டோஸ்கோபியும் குடலுக்குக் கொலோனோஸ்கோபியும் பார்த்தே ஆக வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்களிடம் அந்த மாத்திரையால்தான் ரத்தம் என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். உள்ளே ஏதோ ஒன்று இருந்து மாத்திரையால் சீக்கிரமே ரத்தம் காட்டியிருக்கலாம், அது ஒருவகையில் நல்ல நேரம், அதை நழுவ விடக்கூடாது.

அப்புறம் கொலோனோஸ்கோபியே ஒரு மலை. டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் போகாமல் இருப்பவர்களைப் பயந்தவர்கள் என்று சொல்லிவிடுகிறோம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து லிட்டர் கணக்கில் பேதி மருந்து குடிக்க வேண்டும், ராத்திரி பத்துப் பதினைந்து தடவை எழுந்து போக வேண்டும். முட்டிவலி உள்ள ஒரு முதியவர், தனியாக, நாலு கட்டு தாண்டி, கீழே உட்காரும் கழிப்பறைக்கு. விடிந்ததும் மதுரைக்கோ திருச்சிக்கோ 90 கிலோமீட்டரை ஒட்டிப் பஸ்ஸில். எந்தப் பிள்ளைக்கும் தன் அம்மாவை இப்படி அனுப்ப மனம் வராது. வழி இருக்கிறது: முந்தின நாளே ஆஸ்பத்திரியில் அட்மிட் செய்யச் சொல்லலாம், அல்லது பக்கத்தில் வெஸ்டர்ன் கழிப்பறை உள்ள அறை எடுத்துத் தங்கலாம், மருந்தைப் பாதி மாலையிலும் பாதி விடியற்காலையிலுமாகப் பிரித்துக் கொடுக்கலாம். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதை நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசித் தாமதம் வீட்டுப் பேச்சில் நடக்கிறது. அறுபதாம் கல்யாணச் சாந்தி முடியட்டும், கோயில் திருவிழா முடியட்டும், தம்பி சிங்கப்பூரிலிருந்து வரட்டும். மூன்று மாதம் இப்படியே போய்விடும். கூடவே, இந்த வயசுல எதுக்கு அவங்களைப் படுத்தணும் என்ற பேச்சு. பாசத்தில் சொல்வதுதான், ஆனால் கணக்கு தலைகீழ். முதல் ஸ்டேஜில் பிடிபட்டால் பெரும்பாலும் ஓர் ஆபரேஷனோடு முடிந்துவிடும், கீமோ வேண்டியிருக்காது. நல்ல திடமாக இருக்கும் 78 வயதுக்காரர் அதைத் தாங்கிவிடுவார். முற்றிய பிறகுதான் அந்த உடம்பு தாங்காத கீமோவும், குடல் அடைத்து வயிறு வீங்கி ராத்திரியில் அவசர ஆபரேஷனும், வயிற்றில் நிரந்தரமாக மலப்பையும் வருகின்றன. படுத்தக் கூடாது என்று நினைக்கிறவர்கள் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

மாவட்ட அளவில் ஏதாவது செய்ய முடியுமா என்றால், முடியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021லிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். ஆச்சி மகனிடம் சொல்லாததை அந்தப் பணியாளரிடம் சொல்லுவார். மலத்தில் ரத்தம் போகிறதா, மூன்று வாரத்துக்கு மேல் மலம் கழிக்கும் போக்கு மாறியிருக்கிறதா, எடை குறைகிறதா, இந்த மூன்றையும் அறுபதைத் தாண்டியவர்களிடம் கேட்டு, ஆமாம் என்பவரை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்தாரா என்று ஒரு போன் செய்தால் போதும். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. டெலாவேரில் அந்த நர்ஸ்கள் செய்த வேலை இதுதான்.

இப்போது உங்கள் அப்பச்சி. 72 வயது, ஆறு மாதமாக ரத்தம் என்றால் இது வரும்முன் பார்க்கும் பரிசோதனை இல்லை, அறிகுறிக்கான பரிசோதனை, அதனால் எடுக்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம். இந்த வாரமே ஓர் அறுவை சிகிச்சை டாக்டரிடமோ குடல் டாக்டரிடமோ கூட்டிப்போங்கள். லேகியம் சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். விரல் பரிசோதனை செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள், அவர் கேட்க மாட்டார். ஹீமோகுளோபினும், உடம்பில் இரும்புச் சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தாலும் ரத்தம் தொடர்ந்தால் அதோடு நிறுத்த வேண்டாம், கொலோனோஸ்கோபி தேவை. அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாருக்காவது இந்த நோய் வந்திருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள், வந்திருந்தால் உங்கள் தலைமுறையும் டாக்டரிடம் பேச வேண்டியிருக்கும். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முகவரிக் கட்டத்தில் காரைக்குடி வீட்டு முகவரியையே எழுதுங்கள், உங்கள் போன் நம்பரைத் தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம்.